அடைக்க அடைக்கத் திறந்த வளை

"வெள்ளச்சி, ஓடு! வளையை மூடிக்கோ! புதருக்குள்ள நாகம் வந்திருக்கு!" என்று மரத்திலிருந்து அணில் கத்தியது.

குளக்கரையில் தானியம் பொறுக்கிக்கொண்டிருந்த எலி வெள்ளச்சி வாயிலிருந்த மணியை அப்படியே போட்டாள். வளைக்குள் கண் திறக்காத குட்டிகள்! பாய்ந்து உள்ளே போனாள். முன்வாசலில் மண்ணைத் தள்ளி அடைத்தாள். பின்வாசலையும் அடைத்தாள். குட்டிகளை அணைத்துப் படுத்தாள். அப்பாடா!

அவள் மீசை ஆடியது. காற்று! வாசல் எல்லாம் அடைத்தாயிற்றே, காற்று எங்கிருந்து வருகிறது?

காற்று வந்த திசையிலேயே மோப்பம் பிடித்துப் போனாள். குளத்துப் பக்கச் சுவரில் ஓர் ஓட்டை. பாம்பு தாராளமாக நுழையலாம்! "இது எந்தப் பாவி வேலை?" என்று பதறி, மண்ணை அப்பி மூடினாள்.

திரும்பி வந்து படுத்தால், மறுபடியும் மீசையில் காற்று! ஓடிப் போய்ப் பார்த்தாள். ஓட்டை பப்பரப்பா என்று திறந்து கிடந்தது. மறுபடி அடைத்தாள். அதுவும் நிற்கவில்லை. கெட்டிக்காரிதான், ஆனால் பதற்றத்தில் புத்தி வேலை செய்ய வேண்டுமே!

வெளியே சருகு சரசரத்தது. இந்த முறை அடைத்துவிட்டு அவள் நகரவில்லை. ஓரமாய்ப் பதுங்கினாள். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்பக்கத்திலிருந்து ஒரு கொடுக்கு தோண்டிக்கொண்டிருந்தது. வளையின் மூலையில் குடியிருக்கும் நண்டு கவட்டையன்!

"டேய், நீயாடா?"

"ஆமாக்கா! தண்ணி வடியணும், குளத்துப் பக்கம் வழி விட்டு வை, அடைபட்டா உடனே தோண்டிடுன்னு மழையில நீங்கதானே சொன்னீங்க? இன்னிக்கு யாரோ அடைச்சுக்கிட்டே இருக்காங்க. நானும் விடலையே!"

"மழை நின்னு எவ்வளவு காலமாச்சுடா!"

"போதும்னு நீங்க சொல்லவே இல்லியேக்கா!"

வெள்ளச்சிக்குத் தூக்கிவாரிப்போட்டது. உண்மைதான். மழை விட்டதும் அந்த வழியையே அவள் மறந்துவிட்டாள். ஓட்டைக்கு வெளியே பிளந்த நாக்கு ஒன்று நீண்டது.

"போதும்டா! இனிமே தோண்டாதே! மண்ணைத் தள்ளு!"

இருவரும் தள்ளினார்கள். மறுபக்கம் நாகத்தின் தலை இடித்தது. மண் விரிசல் விட்டது. வெள்ளச்சி முதுகைக் கொடுத்தாள். கவட்டையன் தன் முதுகு ஓட்டால் முட்டுக் கொடுத்தான். மறுபடியும் ஓர் இடி. பிறகு சரசரப்பு மெல்ல மெல்லத் தூரப் போனது. குட்டிகள் பாலுக்குக் கத்தின. அவள் போய் அவற்றை அணைத்துப் படுத்தாள்.

ஓட்டையை அடைத்தால் மட்டும் போதாது. அதைத் திறந்து வைக்கச் சொன்ன சொல்லையும் திரும்பப் பெற வேண்டும்.