மஸ்தான் பாயின் கொடி

ஏகாம்பரம் தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தார். அதில் அவருக்கு வெட்கம் ஏதும் இல்லை. பிலோமினாவை "வாத்தியாரம்மா" என்று கூப்பிடுவார். கேலியாக ஆரம்பித்தது, போகப்போக மரியாதையாகிவிட்டது. பிலோமினா அவரை "அண்ணே" என்பார்.

துறைமுகத்துக்கும் குடோன்களுக்கும் நடுவே ஓடும் சின்ன ரயில் பாதை அது. பிலோமினா ஓட்டியது ஒரு பழைய டீசல் இஞ்சின். சரக்குப் பெட்டிகளை இழுப்பதும் தள்ளுவதும் பிரிப்பதும் சேர்ப்பதும்தான் அதன் வேலை. தெருவுக்கு நடுவிலேயே தண்டவாளம். குறுக்கே நிறுத்திய ஆட்டோக்காரர் டீ குடித்து முடிக்கும்வரை இஞ்சின் காத்து நிற்கும். தெருவே அதை எருமை என்றது. அதோடு வாங்கிய இன்னொரு இஞ்சின் ஷெட்டில் உயிரில்லாமல் கிடந்தது. எருமைக்கு எது உடைந்தாலும் அதிலிருந்து கழற்றி மாட்டுவார்கள். காலையில் எருமையைக் கிளப்பினால் மாடிகளில் காயும் துணியெல்லாம் கறுத்துப்போகும். பெண்கள் திட்டுவார்கள். பிலோமினாவும் சளைக்காமல் திருப்பித் திட்டுவார்.

எருமையை நகர்த்த ஒரு கைப்பிடி வேண்டும். முழ நீளம்கூட இல்லாத இரும்பு. அதைச் செருகித் திருப்பினால்தான் முன்னாலோ பின்னாலோ போகும். உருவிவிட்டால் இஞ்சின் உறுமிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான்.

"அதை எப்போ என் கையில கொடுப்பீங்க, வாத்தியாரம்மா?"

"என்ன அவசரம்?"

"பொண்ணு கல்யாணம் வருது. பத்திரிகையில டிரைவர் ஏகாம்பரம்னு போடணும். அசிஸ்டெண்ட்னு போட்டா நல்லாவா இருக்கும்?"

பிலோமினா சிரித்தார்.

அன்று மத்தியானம் பெட்டிகளுக்குக் கொக்கி மாட்டிக் கழற்றும் மஸ்தான் பாய், அவற்றைப் பிரிக்க இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நுழைந்தார். உடனே பிலோமினா கைப்பிடியை உருவி மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பாதையில் அதுதான் வழக்கம். உள்ளே போனவர் வெளியே வந்து, தன் கையால் பச்சைக் கொடி காட்டவேண்டும். அதுவரை கைப்பிடி மடியை விட்டு எழாது. பாதை அங்கே வளைவதால், உள்ளே இருப்பவர் இஞ்சினிலிருந்து தெரியமாட்டார்.

வெகுநேரமாகியும் மஸ்தான் பாய் வரவில்லை. மானேஜர் ரகோத்தமன்தான் வந்தார். ஆபீசிலிருந்து ஒரு பச்சைக் கொடியை எடுத்து வந்திருந்தார்.

"வண்டியை எடும்மா. கப்பல் நிக்குது."

"மஸ்தான் பாய் இன்னும் வரல சார்."

"அவன் அந்தப் பக்கமா வெளிய வந்து டீக்குப் போயிட்டான். காக்கிச் சட்டை போறதை நான் பார்த்தேன்."

"இங்க எல்லாரும் காக்கிச் சட்டைதான் சார்."

"கப்பல் போயிடும்!"

"போகட்டும்."

ரகோத்தமன் கொடியை ஆட்டினார். "நான் காட்டறேன்ல? இது பச்சை இல்லையா?"

"பச்சைதான்."

"அப்புறம் என்ன?"

"உள்ள போனது நீங்க இல்லையே."

மானேஜருக்குச் சுருக்கென்றது. "இறங்கு. நாளையிலிருந்து வராதே. ஏகாம்பரம், இனிமே நீதான் டிரைவர். இவ கைப்பிடியைக் கொடுக்கலைன்னா ஆபீஸ்ல இன்னொண்ணு இருக்கு."

பிலோமினா எழுந்தார். கைப்பிடியை ஏகாம்பரத்தின் கையில் வைத்தார்.

"மஸ்தான் பாய் வெளிய வந்தாரான்னு எனக்குத் தெரியாது அண்ணே. உங்களுக்கும் தெரியாது. சாருக்கும் தெரியாது."

சொல்லிவிட்டு மறுபக்கத்துப் படியில் இறங்கிப் போய்விட்டார்.

ஏகாம்பரம் கைப்பிடியைச் செருகினார். அது கச்சிதமாக உட்கார்ந்தது. கீழே கொடி ஆடிக்கொண்டே இருந்தது.

"எடுய்யா! வீட்ல கல்யாணத்தை வெச்சுக்கிட்டு வேலை வேணாமா உனக்கு?"

வேண்டும்தான். ரொம்பவே வேண்டும். மானேஜர் பொய் சொல்கிற ஆளும் இல்லை. நிஜமாகவே பார்த்திருந்தாலும் பார்த்திருப்பார். ஒரு திருப்புத் திருப்பினால் போதும், டிரைவர்.

அவர் கைப்பிடியை உருவினார். சீட்டில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"என்னய்யா பண்றே?"

"உட்கார்ந்திருக்கேன் சார்."

"உன்னையும் வீட்டுக்கு அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க. மஸ்தான் பாய் கொடி காட்டினதும் பெட்டியைத் தள்ளிவெச்சிட்டுப் போறேன்."

ரகோத்தமன் கொடியைக் கீழே எறிந்துவிட்டு, இன்னொரு கைப்பிடியை எடுத்துவர ஆபீசைப் பார்த்து ஓடினார்.

அவர் திரும்புவதற்குள் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து மஸ்தான் பாய் வெளியே வந்தார். முழங்கை வரை கிரீஸ். இடுப்பில் செருகியிருந்த பச்சைக் கொடியை எடுத்துக் காட்டினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் குனிந்து வெளியே வந்தார். பிலோமினா.

ஏகாம்பரம் இறங்கி ஓடினார்.

"நீங்க உள்ளயா இருந்தீங்க?"

"கொக்கி இறுகிப்போச்சு அண்ணே. கூட ஒரு கை கொடுத்தேன்."

"அவரை வெளிய கூட்டிட்டு வந்திருக்கலாமே!"

"வேலை முடியாம அவரு ஏன் வரணும்? இன்னிக்கு மானேஜர் கொடிக்குப் பயந்து வெளிய வந்தா, நாளையிலேர்ந்து எவன் கொடி காட்டினாலும் அவருதான் பதறி ஓடி வரணும்."

ஏகாம்பரத்துக்குக் கோபம் வந்தது. அழுகையும் கூடவே வந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக்கூடாதா? தெரியாம நான் தள்ளியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

பிலோமினா கையிலிருந்த கிரீஸை ஒரு கிழிசல் துணியில் துடைத்தார்.

"மஸ்தான் பாய் தனியா செத்திருக்க மாட்டாரு."