கிளிப் போட்ட இலை

குரு என்றதும் தாடியையும் காவியையும் தேடாதீர்கள். இந்தக் கதையில் குருவுக்கு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். பெயர் தவமணி. நாற்பது வயதிருக்கும். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு மலை ஓடைகளில் தவளையும் மீனும் பாம்பும் பார்த்துத் திரிகிறார். மலையில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

சீடருக்குத்தான் தலை முழுக்க நரை. ஆவுடையப்பன். அம்பாசமுத்திரத்தில் ஸ்டுடியோ வைத்து ஊரில் பாதிக் கல்யாணத்தைப் படம் பிடித்தவர். கடையை மருமகனிடம் விட்டுவிட்டு, கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறி வந்துவிட்டார். மாப்பிள்ளை பெண்ணைப் பிடித்துப் பிடித்து அலுத்துப் போச்சு, இனித் தவளையைப் பிடிக்கிறேன் என்றார். டீச்சர் சிரித்தார், சேர்த்துக்கொண்டார்.

வந்தவருக்கு ஒரே ஆசை. ஓடைக்குத் தனியாகப் போகவேண்டும். டீச்சர் விட்டால்தானே! அவர் பின்னாலேயே போகவேண்டும், அவர் காட்டின கல்லில் உட்காரவேண்டும், அவர் எழுந்தால் எழவேண்டும். பேரன் பேத்தி எடுத்த மனுஷனுக்குக் கோபம் வராதா? வந்தது.

“டீச்சர், நான் எப்பதான் தனியா போறது?”

“போகலாம்.”

“அதான் எப்ப?”

டீச்சர் ஓடையில் ஒரு கல்லைப் புரட்டி, அடியில் இருந்த குட்டி மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்து முடித்ததும் கல்லை அது கிடந்த குழியிலேயே, பாசி பிடித்த பக்கம் மேலே வரும்படி வைத்தார். சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவியும் பார்த்தார். 

ஆவுடையப்பன் கையை நீட்டினார். “இந்தக் கையைப் பாருங்க. தாலி கட்டுத நேரத்துல நாலு பக்கமும் இடிச்சுத் தள்ளுவான். அப்பவும் இம்மி ஆடாது. இந்தக் கையை நம்பி ஒரு ஓடையை விடக்கூடாதா?”

டீச்சர் அந்தக் கையைப் பார்த்தார்.

“ஆமா, ஆடலை,” என்றார். பூட்ஸில் ஏறிய அட்டையைத் தட்டிவிட்டு நடந்தார்.

இது நடந்தது ஆனி மாதம். ஆடியில் மழை பிடித்துக்கொண்டது.

டீச்சருக்கு ஒரு கவலை இருந்தது. போன வருஷ மழையில் மலை சரிந்து ஓடையில் பாதியை மூடிவிட்டது. அந்த ஓடையில் ஒரு சின்னத் தவளை உண்டு. கட்டைவிரலின் மேல் கணு அளவுதான் இருக்கும். வேறெந்த ஓடையிலும் டீச்சர் அதைப் பார்த்ததில்லை. சரிவுக்குப் பிறகு அதன் சத்தமே இல்லை. இருக்கிறதா, ஒழிந்துவிட்டதா என்று தெரியாமல் தினமும் மழையில் நனைந்துகொண்டு தேடினார்.

ஒருநாள் கிடைத்தது. பாறை இடுக்கில் இருந்து தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த ஒரு இலை. இலையில் கண்ணாடி மாதிரி முட்டைத்திரள். அதன் மேல் ஆண் தவளை காவல்.

டீச்சர் ஆவுடையப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டார். அழுகிறாரோ என்று இவருக்குப் பயமாகிவிட்டது.

“இருக்கு அண்ணாச்சி,” என்றார். “இருக்கு.”

பிறகு விளக்கினார். பெண் தவளை இலையில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அப்பன்காரன்தான் ஈரம் காயாமல் காவலிருப்பான். முட்டைக்குள்ளேயே தலைப்பிரட்டை வளரும். வளர்ந்ததும் ஒவ்வொன்றாக வழுக்கிக் கீழே தண்ணீரில் விழும். ஆவுடையப்பன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அந்த வாரமே டீச்சரின் தாயாருக்கு நாகர்கோவிலில் கண் ஆபரேஷன். போயே ஆகவேண்டும். கிளம்புகிற காலையில் டீச்சர் ஆவுடையப்பனின் அறை வாசலில் வந்து நின்றார். வேறு ஆள் இல்லை. சொல்ல மனசில்லாமல்தான் சொன்னார்.

“தினமும் போய் உட்காருங்க. பாருங்க. வேற ஒண்ணும் செய்யவேண்டாம்.”

“படம்?”

“எடுங்க. உட்கார்ந்த இடத்துல இருந்து.”

தனியாக! ஆவுடையப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் போனார். அடுத்த நாள்தான் சனி பிடித்தது.

உட்கார்ந்த இடத்தில் இருந்து பார்த்தால் தவளைக்குப் பாதி முகம்தான் தெரிந்தது. பாறை விளிம்பு மறைத்தது. கல்யாண வீட்டில் மாலை மாப்பிள்ளை முகத்தை மறைத்தால் ஆவுடையப்பன் சும்மா இருப்பாரா? கேமராப் பையில் எப்போதும் ஊக்கு, சீப்பு, கிளிப் எல்லாம் கிடக்கும். பெண்ணுக்கு ரவிக்கை லூசா? பின்பக்கம் ஒரு கிளிப். கொசுவம் சரிகிறதா? பின்பக்கம் ஒரு கிளிப். படத்தில் ஒருத்தனுக்கும் தெரியாது. ஆயுசு முழுக்கச் செய்த வேலை, கை தன்னால் பைக்குள் போனது.

எழுந்தார். தண்ணீரில் இறங்கினார். இலையை மெல்ல, மிக மெல்ல இந்தப் பக்கம் இழுத்து, கரையில் நின்ற ஒரு செடித் தண்டோடு சேர்த்துக் கிளிப்பைப் போட்டார். தவளை அசையவில்லை. முட்டையில் ஒன்றுகூட நலுங்கவில்லை. கை அப்படி!

படம் என்றால் படம். கண் இமையில் இருந்த தண்ணீர்ச் சொட்டுகூடப் படத்தில் பதிந்திருந்தது.

எடுத்து முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. கேமராவைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஓட்டமாக ஓடிவந்துவிட்டார். அன்று ராத்திரி முழுக்க மழை. மறுநாள் பாதையில் வெள்ளம் குறுக்கே ஓடியது, போக முடியவில்லை. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. அறையில் உட்கார்ந்து படத்தையே பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார். கிளிப்பு என்று ஒன்று போட்டதே நினைவில் இல்லை.

வெள்ளம் வடிந்த காலையில் டீச்சர் வந்து சேர்ந்தார். பையைக் கீழே வைக்கக்கூட விடவில்லை இவர்.

“டீச்சர், இதைப் பாருங்க முதல்ல.”

டீச்சர் பார்த்தார். முகம் மலர்ந்தது. “ஐயோ, என்ன அழகு!” என்றார். இன்னும் கிட்டத்தில் பார்த்தார். மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது.

“அண்ணாச்சி, இலைக்குக் கீழ இது என்ன?”

“பாறை.”

“அந்த இலைக்குக் கீழ என்ன இருந்தது?”

ஆவுடையப்பன் படத்தை மறுபடி பார்த்தார்.   தண்ணீர். தண்ணீர் அல்லவா இருந்தது!

“கிளிப்பு...” என்றார்.

“எடுத்தீங்களா?”

“மறந்தே போச்சு டீச்சர்.” டீச்சர் பூட்ஸ்கூட மாட்டாமல் ஓடினார். பின்னாலேயே ஆவுடையப்பன். வழுக்கினார், விழுந்தார், எழுந்தார். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு ஓடினார்.

கிளிப் போட்ட இலை போட்டபடியே இருந்தது. மேலே பாறை குடை மாதிரிக் கவிந்திருந்ததால் மழையும் அங்கே விழவில்லை, வெள்ளமும் அதுவரை ஏறவில்லை. கீழே பாறையில் கறுப்புக் கறுப்பாக ஒட்டிக் கிடந்தது என்னவென்று தெரிய ஆவுடையப்பனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தெரிந்தபோது அலறிவிட்டார். தலைப்பிரட்டைகள். ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்து, வாலோடு காய்ந்து கிடந்தன. எறும்பு வரிசை கட்டி இழுத்துக்கொண்டிருந்தது.

இலையின் மேல் ஆண் தவளை அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. தன் பிள்ளைகள் தண்ணீருக்குப் போவதாக நினைத்துக் காவல் காத்திருக்கிறது, பாவம். அதைப் பார்க்க முடியவில்லை ஆவுடையப்பனுக்கு.

டீச்சர் தொப்பியைக் கழற்றினார்.  ஓங்கி ஒரு அறை விட்டால் தேவலை என்றிருந்தது இவருக்கு.

பிறகு டீச்சர் குனிந்து இலையைப் பார்த்தார்.

“மேல் ஓரத்துல கொஞ்சம் மிச்சம் இருக்கு. துள்ளிட்டு இருக்கு. இன்னைக்கு விழுந்துரும்.”

ஆவுடையப்பன் பாய்ந்து கிளிப்புக்குக் கை நீட்டினார்.

“தொடாதீங்க!”

கை அந்தரத்தில் நின்றது.

“காம்பு மடங்கிட்டு. எடுத்தா இலை தொங்கிரும். தண்ணிப் பக்கம் கொண்டுபோய்ப் பிடிச்சுக்கிட்டே நிக்கணும்.”

“கட்டிரலாமே டீச்சர்?”

“எதுல கட்டுவீங்க? அந்தப் பக்கம் தண்ணிதான் இருக்கு.”

ஆவுடையப்பன் கேமராவைக் கழற்றிக் கரையில் வைத்தார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். டீச்சர் கிளிப்பை எடுக்க, இவர் இலையை அடியில் தாங்கித் தண்ணீருக்கு மேலே கொண்டுபோனார். தாங்கினவருக்கு இலையின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. முட்டை, தவளை, எல்லாம் மறுபக்கம். எதிரே கல்லில் உட்கார்ந்திருந்த டீச்சருக்குத்தான் தெரியும்.

தண்ணீர் ஐஸாகக் குளிர்ந்தது. தொடையில் அட்டை ஏறியது. ஏறட்டும் என்று விட்டுவிட்டார்.

வெகுநேரம் கழித்து ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம்.

“விழுந்துச்சா டீச்சர்?”

“விழுந்துச்சு.”

“தண்ணியிலயா?”

“தண்ணியில.”

ஆவுடையப்பன் காலை இன்னும் ஊன்றிக்கொண்டார். ஒவ்வொரு சத்தத்துக்கும் அதே கேள்வியைக் கேட்டார். டீச்சரும் ஒவ்வொரு தடவையும் சலிக்காமல் அதே பதிலைச் சொன்னார். மதியம் போனது. தோள் விட்டுப்போகிற மாதிரி வலித்தது. ஒரு தடவை கட்டைவிரலில் ஏதோ சில்லென்று ஏறி உட்கார்ந்தது. மூச்சை அடக்கிக்கொண்டார். அது குதித்துப் போனது.

“போதும் அண்ணாச்சி. அப்பனும் போயிட்டான்,” என்றார் டீச்சர்.

கரையேறினார். காலில் ரத்தம் வழிந்தது. பாறையில் கிடந்த கறுப்பு இன்னும் அங்கேயேதான் கிடந்தது. பிழைத்தவை கொஞ்சம், காய்ந்தவைதான் நிறைய. அதைப் பார்த்ததும் சிறுபிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதார்.

“நான் கீழ போயிருதேன் டீச்சர். இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்.”

டீச்சர் கிளிப்பைத் துடைத்து அவருடைய கேமராப் பையிலேயே போட்டார்.

“எங்க அம்மா கட்டுப் பிரிக்க நாளைக்கு நான் திரும்பப் போகணும். நீங்க வந்து உட்காருங்க, அப்பன் திரும்ப வாரானான்னு பாருங்க.”

“நானா?”

“நீங்கதான்.”

“தனியாவா?”

“தனியாத்தான்.”

ஆவுடையப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “என்ன சொல்லுதீங்க? கொன்னு போட்டிருக்கேன், அந்தா கிடக்கு பாருங்க! எங்கிட்டயா விட்டுட்டுப் போறீங்க?” கையை நீட்டினார். இரண்டு கையும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன. இழுத்துப் பிடித்தும் நிற்கவில்லை. “பாருங்க, எப்படி ஆடுதுன்னு. இந்தக் கையை நம்பியா?”

டீச்சர் அந்தக் கையைப் பார்த்தார்.

“கிளிப்பு போட்ட அன்னைக்கு ஆடலையே அண்ணாச்சி,” என்றார்.