சின்ன மணி மட்டும் மிஞ்சின ஊர்

காலை நீட்டிப் படு குயிலி. கதை முடியற வரைக்கும் புரளக் கூடாது, சரியா? "ம்" மட்டும் கொட்டு.

ஒரு ஊர்ல ஒரு மணி மட்டும் மிச்சம் இருந்துச்சாம். ஊர் பேரு ஒல்ஷின்கா. செக் நாட்டுல இருக்கு.

"எண்ணெய் ஆட்டுற செக்கா பெரியம்மா?"

அது செக்கு. இது நாட்டோட பேரு. ரொம்பக் குளிரு. நம்ம இட்லி கிடையாது, மாவை உருட்டி வேக வெச்சு, நூலால வெட்டி, குழம்பு ஊத்தித் திம்பாங்க.

ஊருக்கு மேல மேட்டுல ஒரு பெரிய ஏரி. அதுல கெண்டை மீன் வளர்த்து, கிறிஸ்துமஸுக்குப் பொரிச்சுத் திம்பாங்க. ஏரிக்குக் கீழ ஆறு. ஆத்து மேல கல்லுப் பாலம். பாலத்து நடுவுல ஒரு சாமியார் சிலை, தலையைச் சுத்தி அஞ்சு நட்சத்திரம். பாலம் தாண்டினா சந்தைத் திடல், அதுக்குப் பின்னால மேட்டுல கோயில், கோயிலுக்கு ஒரு உசந்த கோபுரம். அந்தக் கோபுரத்து உச்சியில ஒரு குடும்பமே குடியிருக்கும். எங்கயாவது தீப்பிடிச்சா, வெள்ளம் வந்தா, மேல இருந்து பாத்து ஊருக்குச் சொல்றதுதான் அவங்க வேலை.

"ம்."

முன்னொரு காலத்துல அந்த ஊருக்குக் கொள்ளை நோய் வந்துச்சு. காலையில ரொட்டி சுட்டவன் சாயங்காலம் இல்ல. தப்பிச்சவங்க திடல் நடுவுல ஒரு தூண் நட்டு, உச்சியில மாதா சிலை வெச்சாங்க. அப்புறம் செத்தவங்களுக்குன்னே ஒரு சின்ன மணி வார்த்தாங்க. கிணிங், கிணிங், கிணிங். அது அடிச்சா யாரும் அசையக் கூடாது. தொப்பியைக் கழட்டிட்டு, எந்த இடத்துல இருக்கியோ அங்கயே நிக்கணும். ஏன்னா அந்த நேரம்தான் செத்தவங்க உயிர் தெருவழியாப் போகும். போற உயிர் மேல யாரும் இடிச்சிடக் கூடாது பாரு. மணி நின்னதும் சிலுவை போட்டுக்கிட்டு நடக்கலாம்.

"வண்டி ஓட்டுறவங்க?"

குதிரையைக் கூட நிறுத்திடுவாங்க.

அப்புறம் ரொம்ப காலம் கழிச்சு சண்டை வந்துச்சு. சிப்பாய்ங்க வந்தாங்க. பீரங்கி செய்ய வெண்கலம் வேணும்னு கோபுரத்துல ஏறினாங்க. அப்போ கோபுரத்துல இருந்தவ போஷெனா. புருஷன் இல்ல, லித்கான்னு ஒரே பொண்ணு, உன் உசரம்தான் இருக்கும். பெரிய மணி ரெண்டு, ஒண்ணு தீக்கும் வெள்ளத்துக்கும், இன்னொண்ணு கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும். ரெண்டையும் கயிறு கட்டி இறக்கினாங்க. டங்ங்… தரையில பட்டதும் ஒரே ஒரு தடவை முனகிச்சு. ஊர்ப் பொம்பளைங்க அதுங்களுக்குப் பூ மாலை போட்டு அழுதாங்க.

போஷெனா சின்ன மணியைக் காட்டி, "இது வேண்டாமா ஐயா?"ன்னு கேட்டா.

"அதுல ஒரு குண்டு கூடத் தேறாது. உங்க சாவுக்கு நீங்களே வெச்சுக்குங்க"ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டான் சிப்பாய்.

அப்போ எல்லாத்துக்கும் சாவு மணியையே அடிக்க வேண்டியதாப் போச்சு. ஒரு கல்யாணத்துக்கு அடிச்சாங்க பாரு, மாப்பிள்ளை, பொண்ணு, பின்னால வந்த வாத்தியக்காரங்க, அத்தனை பேரும் திடல்ல மரம் மாதிரி நின்னுட்டாங்க. சூப்பு ஆறிப் போச்சு. ரொட்டிக்காரர் ஹவ்லிக் மாப்பிள்ளை காதுல, "செத்தது யாரு, நீதானா?"ன்னு கேட்டாராம்.

"ஹி ஹி."

அதுக்கப்புறம் ஊர்க் கூட்டம் போட்டு முடிவு பண்ணாங்க. சின்ன மணி சாவுக்கு மட்டும்தான். ஆபத்துன்னா போஷெனா ஜன்னல்ல சிவப்புத் துணி கட்டினாப் போதும்னாங்க. போஷெனாவும் லித்காகிட்ட தினமும் சொல்லுவா: "மணி நிக்கிற வரைக்கும் ஒரு அடி கூட எடுத்து வெக்காத." லித்கா சொன்ன பேச்சு தட்ட மாட்டா. சோறு பாதி வாயில இருந்தாலும் மெல்லாம நிப்பா.

"நான்னா மென்னுடுவேன்."

தெரியும்டி.

அப்போ ஒரு வருஷம் மழை பிடிச்சுக்கிச்சு. சோ…ன்னு விடாம. லித்காவை ஆத்துக்கு அந்தப் பக்கம் ரொட்டி வாங்க அனுப்பிட்டு ஜன்னல்ல நின்னா போஷெனா. மேட்டுல ஏரி பளபளன்னு தெரிஞ்சுது. அப்புறம் கரையில ஒரு கறுப்புக் கோடு. அப்புறம் தட தடன்னு சத்தம். ஏரிக்கரை உடைஞ்சிருச்சு.

"ஐயோ."

லித்கா எங்க இருக்கான்னு பாத்தா. ரொட்டியை இடுப்புல இடுக்கிக்கிட்டு, பாலத்துல கால் வெக்கப் போறா. இந்தப் பக்கம் திடலைத் தாண்டிட்டா கோயில் மேடு, பிழைச்சுக்கலாம். ஓடினா வந்துடலாம். ஓடணும்னு அவளுக்குத் தெரியணும், அவ்வளவுதான்.

சிவப்புத் துணியைக் கட்டினா. மழையில நனைஞ்சு சப்புன்னு சுவத்துல ஒட்டிக்கிச்சு. யாரும் பாக்கல.

கத்தினா. "தண்ணி வருது, தண்ணி வருது"ன்னு தொண்டை கிழியக் கத்தினா. மழை அதையும் முழுங்கிடுச்சு.

அப்போ கையில இருந்தது சின்ன மணியோட கயிறு ஒண்ணுதான். வேகமா அடிச்சா என்னமோன்னு நிமிந்து பாப்பாங்கன்னு நெனச்சா. கிணிங்கிணிங்கிணிங்கிணிங்.

திடல்ல எல்லாரும் நின்னுட்டாங்க.

கொட்டுற மழையில தொப்பியைக் கழட்டிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னாங்க. "இவ்வளவு வேகமா அடிக்கிறா, ரெண்டு பேர் போயிட்டாங்க போல இருக்கு"ன்னு ஹவ்லிக் முணுமுணுத்தார். இன்னும் குனிஞ்சார்.

பாலத்து நடுவுல, சிலைக்குப் பக்கத்துல, லித்காவும் நின்னா.

"…ஓடலையா?"

மணி அடிக்குதே.

போஷெனா பாத்தா. புரிஞ்சுது. கயித்தை விட்டுட்டா. விட்டா உடனே நின்னுடுமா? ஆடுற வேகத்துல அது பாட்டுக்கு அடிச்சுது. கிணிங். கிணிங். ஓடிப் போய் மணியைக் கட்டிப் பிடிச்சா, நெஞ்சுல இடிச்சுது, விடல. மணி நின்னுச்சு.

அப்புறம் ஜன்னல்ல பாதி உடம்பை வெளிய நீட்டி ரெண்டு கையையும் வீசினா. ஹவ்லிக் தொப்பியைப் போட்டுக்கிட்டே நிமிந்தார். பாத்துட்டார். "மேல ஓடுங்க"ன்னு அவர் போட்ட சத்தத்துல திடலே கோயில் மேட்டுல ஏறிடுச்சு. அத்தனை பேரும் பிழைச்சாங்க.

"லித்கா?"

லித்கா நல்ல பொண்ணு. மணி நின்னதும் முதல்ல சிலுவை போட்டுக்கிட்டா. அப்புறம் கோபுரத்தைப் பாத்தா. அம்மா கை ஆட்டுறா. இவளும் ரொட்டியை அந்தக் கைக்கு மாத்திக்கிட்டு, இந்தக் கையைத் தூக்கி ஆட்டினா.

…

தண்ணி வடிஞ்சப்போ பாலத்துல சாமியார் இல்ல. ரெண்டு கல் பாதம் மட்டும் இருந்துச்சு. இப்பவும் இருக்காம். ஒரு வீட்டுச் சுவத்துல தண்ணி ஏறின உசரத்துக்குக் கோடு போட்டிருக்காங்க. உன்னைத் தோள்ல தூக்கி வெச்சாலும் எட்டாது.

ஊர்க்காரங்க கோபுரத்துல ஏறி வந்தாங்க. ஹவ்லிக் தொப்பியைக் கையில வெச்சுத் திருகிக்கிட்டே, "போஷெனா, குழந்தைக்கு மணி அடிக்கணும்மா. உன்னால முடியலன்னா நான் அடிக்கிறேன்"ன்னார்.

"வேண்டாம்"னா போஷெனா. "அடிச்சா அவ நின்னுடுவா."



"இப்பவாவது ஓடட்டும்"னு சொல்லிட்டு, மணியோட நாக்கைக் கழட்டித் தன் மடியில வெச்சுக்கிட்டா. அதுக்கப்புறம் யார் கேட்டும் தரல. அவ செத்தப்போ கூட, அவளுக்கும் மணி அடிக்கல. மணி அங்கயே தொங்குது. காத்தடிச்சா ஆடும். சத்தம் வராது.

குயிலி?

"ம்."

ஏன்டி இன்னும் மல்லாக்கவே விறைச்சுக் கிடக்குற?

"நீதான புரளக் கூடாதுன்ன."

இங்க வா. என் கிட்ட வா. காலை உதறு. கையை எங்க வேணா போடு. நான் சொன்னேன்னு ஒரு நாளும் அப்படிக் கிடக்காதடி.

மணியும் நின்னுச்சு, கதையும் நின்னுச்சு. புரண்டு படு கண்ணு, தூங்கு.