பாயசப் பொட்டலத்துக்கு வந்த வழக்கு

முன்னொரு காலத்தில், யானைமேல் போகும்போதும் சுடச்சுடப் பாயசம் குடித்தே தீருவேன் என்று அடம்பிடித்த ராஜா ஒருவர் இருந்தார். பெயர் தடாகவர்மர். சட்டியில் வைத்தால், யானை நடக்கிற நடைக்குப் பாதிப் பாயசம் பாகன் தலையில்தான்.

இதற்கு வழி கண்டவள் மருக்கொழுந்து, கோயில் வாசலில் பொட்டலம் கட்டுகிறவள். உள்ளே வாழையிலை, அதன்மேல் மெழுகுத்துணி, வெளியே பாக்குமட்டை. இப்படிக் கட்டினால் ஒரு சொட்டுச் சிந்தாது. மகிழ்ந்துபோன ராஜா, இருபது வருஷத்துக்கு அவளைத் தவிர யாரும் இதைக் கட்டக்கூடாது என்று செப்புப் பட்டயமே கொடுத்துவிட்டார்.

மந்திரி அனந்தகிரியாருக்கு வயிறு எரிந்தது. அதே பொட்டலத்தை விற்க அவர் மச்சினன் கடை போட்டிருந்தான். மந்திரி ஒரு பழைய சுவடியோடு சபைக்கு ஓடிவந்தார்.

"மகாராஜா, இதுல புதுசு எதுவுமே இல்ல! நூறு வருஷம் முன்னாடியே எழுதிட்டாங்க. கேளுங்க: 'இலை, மெழுகுத்துணி, மட்டை இவற்றில் ஒன்றோ பலவோ கொண்டு உணவைப் பொதியலாம்.' பட்டயத்தைப் பிடுங்குங்க!"

ராஜா விகடகவி வேம்படியானைப் பார்த்தார். "சுவடியில இருக்கறதை இல்லேன்னு காட்டுவியா? மதியச் சாப்பாட்டுக்குள்ள. இல்லேன்னா பட்டயம் போச்சு."

தூணோரம் மருக்கொழுந்து பட்டயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். "அண்ணே, இதைச் சரியா அடுக்கறதுக்குள்ள என் கை எத்தனை தடவை வெந்துச்சு தெரியுமா?"

வேம்படியான் அவள் கைத் தழும்புகளைப் பார்த்தான். சுவடி எழுதினவர் கையில் இப்படி ஒன்றாவது இருந்திருக்குமா? சட்டென்று அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"மகாராஜா, சுவடியில எல்லாம் இருக்குன்னு நானே ஒத்துக்கறேன்." மருக்கொழுந்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதனால மந்திரி அதை வச்சே சமையக்காரரை ஒரு பொட்டலம் கட்டச் சொல்லட்டும். ஆனா, அதுல இருக்கறதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லக்கூடாது."

சுடச்சுடப் பாயசம் வந்தது. சமையல்காரர் கரண்டியோடு நின்றார்.

"முதல்ல வாழையிலையை விரிப்பா," என்றார் மந்திரி.

"'முதல்ல' எந்த வரியிலங்க இருக்கு? சுவடியில வெறும் இலைதானே? சமையக்காரரே, வேப்பிலை இருக்கா?"

சபை குலுங்கியது. மந்திரி பல்லைக் கடித்தார். "சரி, இலைக்கு மேல மெழுகுத்துணி..."

"'மேல' எந்த ஓலைங்க?"

"யோவ், ஏதாவது ஒண்ணுல ஊத்தித் தொலைய்யா!"

சமையல்காரர் கைக்கு அகப்பட்ட மெழுகுத்துணியில் ஊற்றினார். மெழுகு உருகியது. பாயசம் நேரே மந்திரி காலில்.

"ஐயோ! அறிவுகெட்டவனே, இலை உள்ள இருந்தாத்தானே மெழுகு உருகாது!"

"அப்படிங்களா? அது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று வேம்படியான் பவ்யமாகக் கேட்டான்.

ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டே மந்திரி கத்தினார்: "எப்படியா? அவ பொட்டலத்தைப் பத்து தடவை பிரிச்சுப் பாத்திருக்கேன்ல!"

அப்புறம் ராஜா சிரித்தார் பாருங்கள், கிரீடம் நழுவி மடியில் விழுந்தது.

"பட்டயம் மருக்கொழுந்துக்கே! மச்சினன் கடையைச் சாத்துங்க!" என்றவர், தன் முத்துமாலையைக் கழற்றி வேம்படியான் கழுத்தில் போட்டார். "இனிமே யானைமேல நீயும் என் பக்கத்துல உக்காருடா."

அன்றுமுதல் யானைமேல் ராஜா, வேம்படியான், நடுவில் பொட்டலம். பாகன் தலையும் காய்ந்தே இருந்தது.