வில்வ மரத்துக்கு ஈட்டிக் காவல்

முன்னொரு காலத்தில் ஓர் அரசர் இருந்தார். தங்கமான மனுஷர்தான், வாயைக் கட்ட மட்டும் தெரியாது. ஒரு விருந்தில் முப்பது அதிரசத்தை உள்ளே தள்ளிவிட்டு, நான்கு நாள் வயிறு இளகாமல் துடித்தார். மாதி என்ற மலைக்காரி கொண்டுவந்த கனிந்த வில்வப் பழம்தான் அவரைக் காப்பாற்றியது. உடனே அரசர், "இனி அந்த மரம் எனக்கே!" என்று வேலி போட்டு, ஈட்டிக் காவலும் வைத்துவிட்டார்.

மறு மாதமே மாதி அழுதுகொண்டு விகடகவி ஆதப்பனிடம் ஓடிவந்தாள்.

"சாமி, எங்க புள்ளைங்களுக்கு வயித்தால போவுது. வில்வங்காயைச் சுட்டு மோருல கரைச்சுக் குடுத்தாத்தான் நிக்கும். கிட்டப் போனா ஈட்டியைக் காட்டுறாங்க."

ஆதப்பன் அவளோடு மரத்தடிக்கு ஓடினார். அவர் வேலியைத் தாண்டி, ஒரு கூடைக் காயைப் பறித்து அவள் தலையில் ஏற்றினார். காவலர்கள் அதையும் அவருடைய வேடிக்கைகளில் ஒன்று என்று எண்ணிச் சிரித்துக்கொண்டே நின்றார்கள்.

ஆதப்பனைக் கண்டாலே ஆகாத அமைச்சர் காங்கேயருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது போலாயிற்று.

"பிரபு, தங்கள் மருந்தையே ஆதப்பன் திருடிவிட்டான்!" என்றார் சபையில்.

"அரசே, தங்கள் மருந்தை நான் தொடவே இல்லை. பழம் இளக்கும், காய் கட்டும். நான் பறித்தது பிள்ளைகளின் மருந்து" என்றார் ஆதப்பன்.

"ஒரே மரத்தில் இரண்டு மருந்தா? கட்டுக்கதை!" என்றார் காங்கேயர்.

"அப்படியானால் அமைச்சர் பெருமான் மூன்று நாள் காயைத் தின்று காட்டட்டும். அவருக்கு வயிறு இளகினால் என் தலை தங்களுடையது."

காங்கேயர் விடுவாரா? வேளைக்கு ஒன்று போதாதென்று இரண்டிரண்டாகத் தின்றார்.

நான்காம் நாள் மலையிலிருந்து சேதி வந்தது: பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்கிறார்களாம். ஆதப்பன் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போது காங்கேயர் வயிற்றைப் பிடித்தபடி, அடிமேல் அடிவைத்துச் சபைக்குள் வந்தார். ஆசனத்தில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

அரசர் அவரை உற்றுப் பார்த்தார்.

"அடடா! இந்த முகத்தை நான் அறிவேன். நான்கு நாள் என் கண்ணாடியில் பார்த்த முகமல்லவா இது!"

சிரித்துச் சிரித்து அவருக்குக் கிரீடமே சரிந்தது. வேலியைப் பிடுங்க ஆணையிட்டார். தம் முத்துமாலையைக் கழற்றி ஆதப்பன் கழுத்தில் போட்டார்.

"இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"ஒரே ஒரு வில்வப் பழம், அரசே. எனக்கில்லை" என்று ஆதப்பன் காங்கேயரைப் பரிவோடு பார்த்தார். "தயவுசெய்து சீக்கிரம் கொடுங்கள்."