சரி சார்

அந்தக் கபடி டீமில் இப்போது பழைய கோச்சும் இல்லை, பழைய ரெய்டரும் இல்லை. மேனேஜர் என்று நான் ஒருத்தன்தான் மிச்சம். மேனேஜர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஏர்போர்ட்டில் பெட்டி எண்ணுகிறவன், ஹோட்டலில் சாம்பார் சரியில்லை என்றால் திட்டு வாங்குகிறவன். ஆட்டத்தைப் பற்றி என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதனால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

கோச் பேர் பட்டுராஜன். ரெய்டர் பேர் இசக்கிராஜா. எதிராளி களத்துக்குள் தனியாக, மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டு போய், ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறவன்தான் ரெய்டர். எங்கள் டீம் மொத்தமும் இசக்கியின் காலை நம்பித்தான் இருந்தது.

அரையிறுதியில் தோற்றோம். தோற்பது ஒன்றும் புதிதில்லை. தோற்ற விதம்தான் புதிது.

ஸ்கோர் சமம். கடைசி ரெய்டு. இசக்கி உள்ளே போனான். "கபடி, கபடி" என்று பாட்டு நிற்காமல் வருகிறது. எதிராளி களத்தில் பாட்டு நின்றால் அவுட், அவர்களுக்கு ஒரு பாயிண்ட். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம் அது. இடது மூலையில் இரண்டு பேர் கை கோத்து அவனை வளைக்க வருவதைப் பட்டுராஜன் வெளியே நின்று பார்த்துவிட்டார்.

"இசக்கி, வலது பக்கம் போ" என்று கத்தினார்.

"சரி சார்" என்றான் இசக்கி.

விசில் ஊதிவிட்டார்கள்.

எங்கள் டீமில் அது வழக்கம். கோச் ஒன்று சொன்னால் வாய்விட்டு "சரி சார்" என்று பதில் சொல்ல வேண்டும். தலையை ஆட்டினால் ஆகாது. சொல்லாதவன் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டியதுதான். இசக்கி அரை டிராயர் போட்ட வயதில் பட்டுராஜனிடம் வந்தவன். தூக்கத்தில் கூப்பிட்டால்கூட அந்தப் பதில்தான் வரும். ரெய்டு நடக்கும்போது மட்டும் பட்டுராஜன் வாயே திறக்க மாட்டார். அன்றைக்குத் திறந்துவிட்டார். பிள்ளை அடிபடப் போகிறதே என்று பதறிவிட்டார், வேறென்ன.

அப்புறம் கேட்க வேண்டுமா. டீவியில் அந்த "சரி சார்" ஓடிக்கொண்டே இருந்தது. ஆட்டோக்காரர் முதல் ஆபீசர் வரை ஒருவருக்கொருவர் சரி சார் சொல்லிச் சிரித்தார்கள். கோட் போட்ட நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து, ஆளைத் தயார் பண்ணுகிறவன் பெரிசா, ஆடுகிறவன் பெரிசா என்று பட்டிமன்றம் நடத்தினார்கள். எரிச்சல் தாங்காமல் நான் டீவியை அணைத்துவிட்டேன். ஓனர் அணைக்கவில்லை. பட்டுராஜனைப் போனில் பிடித்தார்.

"ரெண்டு பேரையும் வச்சுக்க முடியாது கோச். ஜனங்க சிரிக்கிறாங்க. இந்த டீமுக்கு நீங்க முக்கியமா, அவன் முக்கியமா? நீங்களே சொல்லிருங்க. சாயங்காலம் கூப்பிடுறேன்."

பட்டுராஜன் போனை என்னிடம் கொடுத்தார். "வண்டியை எடுங்க மேனேஜர். மாஸ்டரைப் பார்க்கணும்" என்றார்.

மாஸ்டர் என்றால் ஞானதுரை மாஸ்டர். பட்டுராஜனுக்குக் கபடி சொல்லிக் கொடுத்தவர். திருநெல்வேலியில் மகள் வாங்கின ஃபிளாட்டில் இருக்கிறார். பின் சீட்டில் இசக்கியும் வந்தான். வா என்றதற்குத் தலையை ஆட்டினான், ஏறிக்கொண்டான். அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவன் வாய் திறக்கவே இல்லை. பசிக்கிறதா என்றாலும் தலை, வலிக்கிறதா என்றாலும் தலை. அவனைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டுவது பெரிய பாடாக இருந்தது.

மாஸ்டர் கீழே கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். மேலே வெக்கை தாங்கவில்லையாம். இசக்கி வண்டியை விட்டு இறங்கவில்லை.

"டீவியில பாத்தேன்டே" என்றார் மாஸ்டர்.

பட்டுராஜன் நின்றுகொண்டேதான் பேசினார். ஐம்பது தாண்டியவர், தொப்பை போட்டவர், ஆனாலும் மாஸ்டர் முன்னால் உட்கார மாட்டார்.

"ஒரே ஒரு கேள்விதான் மாஸ்டர். கோச் பெரிசா, ரெய்டர் பெரிசா?"

"யாரு கேக்கா?"

"ஓனர் கேக்காரு."

"நீ கேக்கலையா?"

பட்டுராஜன் வண்டிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"நானுந்தான் கேக்கேன். அவன் முக்கியம்னு சொன்னா நான் வெளிய போகணும். நான் முக்கியம்னு சொன்னா அவன் போகணும். எனக்கு இதை விட்டா வேற ஒரு வேலையும் தெரியாது மாஸ்டர். அவனுக்கும் தெரியாது. தெரிய விடாமத்தானே நான் வளத்தேன்."

"செருப்பைக் கழட்டு" என்றார் மாஸ்டர்.

"சரி மாஸ்டர்."

தரையில் வண்டிகளைப் பிரித்து நிறுத்துவதற்கு மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். மாஸ்டர் அதைக் காட்டினார்.

"இதான் நடுக்கோடு. அங்கன நிக்கிற வெள்ளைக் காரைத் தொட்டுட்டுத் திரும்பி வா. பாடிக்கிட்டுப் போ."

இந்தக் கூத்துக்கு இப்போது என்ன அவசரம் என்று எனக்குத் தோன்றியது. சாயங்காலம் நெருங்கிவிட்டது, போன் என் கையில் இருக்கிறது. ஆனால் பட்டுராஜன் பேண்டை மடித்துவிட்டார். குனிந்து தரையைத் தொட்டுக் கும்பிட்டார். "கபடி, கபடி" என்று உள்ளே போனார்.

நன்றாகத்தான் போனார். தொப்பையை மறந்துவிட்டுக் கால் தானாக நகர்ந்தது. ஒரு ஸ்கூட்டரைச் சுற்றினார், ஒரு தூணுக்குப் போக்குக் காட்டினார். பாட்டு சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. வண்டிக்குள் இசக்கி தலையை நிமிர்த்திப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. வெள்ளைக் காருக்கு இன்னும் ஒரு கை நீளம்தான்.

"பட்டு, தண்ணி கெடக்கு, பாத்துப் போ" என்றார் மாஸ்டர். கத்தவில்லை. வீட்டில் பிள்ளைக்குச் சொல்வதுபோல்தான் சொன்னார்.

"சரி மாஸ்டர்" என்றார் பட்டுராஜன்.

நீட்டின கை அப்படியே நின்றது. காரைத் தொடவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

பட்டுராஜன் திரும்பி நடந்து வந்தார்.

"உங்ககிட்டதானே மாஸ்டர் படிச்சேன்."

"ஆமா."

"ஏன் அப்படிப் பழக்குனீங்க?"

மாஸ்டர் வெள்ளைக் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"களத்துல நிக்கிறவனோட முதுகுதான்டே நமக்குத் தெரியும். அவ்வளவு இரைச்சல். நம்ம சத்தம் அவனுக்குக் கேட்டுச்சா, கேக்கலையான்னு எப்படித் தெரியும்? கோட்டுக்கு வெளிய நிக்கிறவன்கிட்ட சத்தத்தைத் தவிர வேற என்ன இருக்கு? கேட்டுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டுமேன்னு நெனச்சேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். எனக்குப் பயமா இருக்கும்."

பட்டுராஜன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மாஸ்டர் முன்னால் அவர் உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். துண்டு எதுவும் இல்லை, புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பிறகு எழுந்து வண்டியிடம் போனார். கண்ணாடியைத் தட்டினார். இசக்கி இறங்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். எவ்வளவு உயரம் அந்தப் பையன். அவர் முன்னால் மட்டும் குறுகிவிடுவான்.

"ஏலே, ஓனர்கிட்ட உன் பேரைச் சொல்லப்போறேன். நான் போயிருதேன். நீ இரு. நல்லா ஆடு."

சொல்லிவிட்டு நின்றார். பதிலுக்காக நிற்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பழக்கம், என்ன செய்வது. சொல்லித் தொலையேன்டா, அந்த ரெண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போய் ஆடேன்டா என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். அவன் சரி என்றுவிட்டால் ஒருத்தனாவது பிழைத்துக்கொள்வான்.

இசக்கி வாயைத் திறந்தான். இத்தனை நாள் பேசாததால் குரல் கரகரத்தது.

"யாரு சொல்லி ஆட சார்?"

பட்டுராஜன் அவனையே பார்த்தார். என் கையில் போன் அடித்தது. ஓனர்தான். நான் போனை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. செருப்பில்லாத காலோடு மஞ்சள் கோட்டைத் தாண்டி மாஸ்டரிடம் வந்தார்.

"மாஸ்டர், இப்ப நான் என்ன செய்யட்டும்? நீங்க சொல்லுங்க."

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடிக்க ஆரம்பித்தது.

"என்னைக் கேக்காதடே" என்றார் மாஸ்டர். "நான் சொன்னா நீ சரின்னுருவ."