கண்ணை மூடிச் சொன்ன நன்றி

குளக்கரை முயலுக்குத் தூக்கமே வருவதில்லை. இலை அசைந்தால் எழுந்து உட்காரும். காற்று நின்றால், ஏன் நின்றது என்று யோசிக்கும்.

"மயிலிடம் போ. மனசுக்கு மருந்து வைத்திருக்கிறாராம்" என்றது ஆமை.

மருந்து எளிதுதான். விடிந்ததும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, கண்ணை மூடி, ஆளுக்கு மூன்று நன்றி சொல்ல வேண்டும். முயல் சூரியனுக்குச் சொன்னது. மேகத்துக்குச் சொன்னது. மூன்றாவதற்கு ஆள் கிடைக்காமல் மயிலின் தோகைக்குச் சொன்னது. மயிலுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

இரண்டாம் நாள், நன்றிகளுக்கு நடுவே ஆள்காட்டிக் குருவி வீறிட்டது.

"நரி! புதருக்குப் பின்னால் நரி!"

நரி வந்த வழியே திரும்பிப் போனது. மயில் முகம் சுளித்தது.

"நாங்கள் நிம்மதியாக உட்காரும்போதுதான் உன் கண்ணுக்கு நரி தெரியுமா?"

"அப்போதுதானே அது வருகிறது, மயிலண்ணே."

"உனக்கு நன்றியுணர்வே கிடையாது. அக்கரைக்குப் போய்க் கத்து."

மற்றவர்களோடு சேர்ந்து முயலும் தலையாட்டியது. அந்தக் குரலைக் கேட்டு எத்தனை முறை ஓடிப் பிழைத்தோம் என்பது அதன் நினைவுக்கு வரவில்லை. அது சூரியனை நினைத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் அருமையான அமைதி. கௌதாரி நன்றி சொன்னது. ஆமை சொன்னது. அடுத்து ஒரு புதுக் குரல் கேட்டது.

"இந்த அமைதிக்கு நன்றி. எல்லோரும் கண்ணை மூடியிருப்பதற்கு நன்றி. இந்தக் கொழுத்த மயிலுக்கும் நன்றி."

நரி பாய்ந்தது. மயில் எப்படியோ மரத்துக்குத் தப்பியது. தோகை நரியின் வாயில் சிக்கிக்கொண்டது. இறகுகளைத் துப்பிவிட்டு நரி முயலைத் துரத்தியது. பல் வாலைத் தொடும் நேரத்தில், அக்கரையிலிருந்து ஆள்காட்டி அம்பாகப் பாய்ந்து வந்து நரியின் நெற்றியில் கொத்தியது. முயல் முட்புதருக்குள் நுழைந்துகொண்டது.

மூச்சு சீரானதும் அது தலையை நீட்டியது. வெட்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டது.

"நேற்று நானும் தலையாட்டினேன், ஆள்காட்டி. தப்புதான். இத்தனை நாளும் நீ கத்தியதற்கு நன்றி."

"சரி, சரி. கண்ணைத் திறந்து சொல்" என்றது ஆள்காட்டி. "நரி இன்னும் அங்கேதான் நிற்கிறது."

நரி போன பிறகு, அன்று மதியம் முயல் குறட்டை விட்டுத் தூங்கியது. மரத்தின் மேல் மொட்டை மயில் புதுப் பாடம் தொடங்கியிருந்தது: இழந்ததற்கு நன்றி சொல்வது எப்படி?

காப்பவரைத் துரத்திவிட்டுச் சூரியனுக்குச் சொல்லும் நன்றி வாயோடு போய்விடும். உரியவர் முகம் பார்த்துச் சொல்லும் நன்றியே மனதுக்கு நிம்மதி தரும்.